நல்ல சம்பளம் இருந்தும் கணக்குப்பிரிவு வேலையில் நிறைவே இல்லை. பணத்தை விட்டுவிட்டு, நாலு பேருக்குப் பயன்படும் வேலைக்குப் போகலாமா?

பணத்தை ஏன் விடவேண்டும்?

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் புல்வெட்டும் மிஷின் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். வருபவர்களில் பாதிப்பேர் ரப்பர் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர்கள். இப்போது தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளில் புல் வெட்டுகிறார்கள். மிஷின் படுத்தால் அன்றைய வருமானம் போச்சு.

போன மாதம் ஒரு பெரியவர் வந்தார். "தம்பி, ஸ்டார்ட் ஆவுது, முறுக்குனா செத்துப்போவுது. வாங்குன கடையில புதுசு வாங்கச் சொல்றான்." கார்புரேட்டரைக் கழற்றினேன். டேங்கில் நெடுநாள் கிடந்த பெட்ரோலும் அதில் கலக்கும் டூ-டி எஞ்சின் எண்ணெயும் பிசினாகி ஜெட் துளையை அடைத்திருந்தன. உள்ளே இருக்கும் சவ்வும் விறைத்துப் போயிருந்தது. கழுவி, சவ்வை மாற்றி முறுக்கினால், சீறியது. 40 வெள்ளி கேட்டேன், 35 கொடுத்தார். வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, தானாக அணையும்வரை ஓடவிடச் சொல்லி அனுப்பினேன். (இப்படிச் சொல்லிக்கொடுத்தால் பிழைத்த மாதிரிதான் என்பாள் என் மனைவி.)

"பாவம், சும்மா செஞ்சு கொடுக்கலாமே" என்பவர்கள் உண்டு. சும்மா செய்தால் அடுத்த தடவை அவர் கூச்சப்பட்டு வரமாட்டார். சரியாக ஓடாவிட்டாலும் வாய்திறக்க மாட்டார். காசு கொடுத்தவர்தான் "என்னப்பா செஞ்சு வச்சிருக்க?" என்று சத்தம் போடுவார். எனக்கு அப்படி வருகிறவர்தான் வேண்டும்.

எங்கள் ஊர்க்காரர், அமைச்சராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் செய்ததும் ஏறக்குறைய இதுதான். வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்றபோது ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்களுக்கு வேலையும் போனது, லயத்து வீடும் போனது. 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, அந்தத் தொழிலாளிகளையே பத்துப்பத்து வெள்ளியாகப் பங்குப்பணம் கட்டவைத்துத் தோட்டம் வாங்கினார். தர்மம் என்று யாரும் கைநீட்டவில்லை. பங்குக்காரர் கூட்டத்தில் எழுந்து கணக்குக் கேட்கலாம்.

உங்களுக்குச் சொல்வது: அவசரப்பட்டு வேலையை விடாதீர்கள். உங்கள் வேலையை நம்பியும் ஆள் இருக்கிறார்கள். நீங்கள் ஒரு பில்லை இரண்டு நாள் தள்ளிப்போட்டால் எந்த லாரிக்காரர் தவணை கட்டமுடியாமல் நிற்பார்? கண்டுபிடித்து, முடிந்தால் ஒருமுறை நேரில் பேசுங்கள். அப்புறமும் மனம் ஒட்டவில்லையென்றால் தாராளமாக வேறு வேலை பாருங்கள், கையில் புது வேலைக்கான கடிதம் கிடைத்தபிறகு. சொந்தத் தொழில் யோசனை இருந்தால் ஊழியர் சேமநிதியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். இப்போது முதலாளி போடும் 12, 13 விழுக்காட்டைப் போட அங்கே முதலாளி இருக்கமாட்டார்.