லீட்ஸுக்கு வந்திருக்கும் இயற்பியல் டீச்சருக்கு

அம்மிணி, உங்கள் கேள்வியைப் படித்தேன். தாராபுரம் பக்கம் அரசு உதவிபெறும் பள்ளியில் ஒன்பது, பத்துக்கு அறிவியலும் மேல் வகுப்புக்கு இயற்பியலும் எடுத்துக்கொண்டிருந்தீர்கள். இப்போது வீட்டுக்காரர் வேலைக்காக லீட்ஸ் வந்திருக்கிறீர்கள். "இங்கே பள்ளியில் சேர முடியுமா, இல்லை முதலில் அறிவியல் கல்வியில் எம்.ஏ. படிப்பதா? எல்லாரும் ஆராய்ச்சி, ஆராய்ச்சி என்கிறார்கள். நமக்கு அதில் ஒன்றும் தெரியாதே அக்கா" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கோபிக்காரி. யார்க்‌ஷயரில் ஓர் அரசுப் பள்ளியில் பல வருடமாக வேதியியல் எடுக்கிறேன். என் பதில் இதுதான்: முதலில் பள்ளிக்குப் போங்கள். எம்.ஏ. அப்புறம்.

வீட்டுக்காரரின் விசாவில் வந்தவர் எம்.ஏ. சேர்ந்தால் வெளிநாட்டு மாணவருக்கான கட்டணம் கட்ட வேண்டியிருக்கும். உள்ளூர்க்காரர் கட்டுவதைவிட அது மிக அதிகம். பணம் ஒருபுறம் இருக்கட்டும். இந்த நாட்டுப் பிள்ளைகளோடு ஒரு வருடமாவது இருந்துவிட்டுப் படித்தால், படிக்கிற ஒவ்வொரு ஆய்வுக் கட்டுரையிலும் உங்கள் வகுப்புப் பிள்ளை ஒன்றின் முகம் தெரியும். அப்படிப் படிக்கும் படிப்புதான் நிற்கும்.

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2023 பிப்ரவரியிலிருந்து, இந்தியாவில் தகுதி பெற்ற அறிவியல், கணித, மொழி ஆசிரியர்கள் கியூ.டி.எஸ். என்ற இங்கிலாந்தின் ஆசிரியர் தகுதிக்கு நேரடியாக விண்ணப்பிக்கலாம். 11 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கும் தகுதி இருக்க வேண்டும். உங்களுக்கு அது இருக்கிறது. அந்தத் தகுதி கைக்கு வரும் முன்பே, வெளிநாட்டில் பயின்ற ஆசிரியர் என்ற முறையில் நான்கு வருடம் வரை பாடம் எடுக்கவும் வழி உண்டு. விதிகள் அடிக்கடி மாறுவதால் அரசுத் தளத்தை ஒருமுறை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து அனுபவச் சான்று வாங்கும்போது எந்த வருடங்கள், எந்த வகுப்புகள், என்ன பாடம் என்ற மூன்றும் ஆங்கிலத்தில் தெளிவாக இருக்கட்டும். கல்வி அலுவலகத்தில் கையெழுத்து வாங்க வேண்டியிருந்தால் தம்பியையோ அப்பாவையோ இப்போதே அனுப்பிவையுங்கள். பரீட்சை சமயம் வந்துவிட்டால் அங்கே யாரையும் பிடிக்க முடியாது.

வேலை கிடைக்குமா என்ற பயம் வேண்டாம். 2022-23இல் இயற்பியல் ஆசிரியர் பயிற்சிக்கு அரசு வைத்த இலக்கில் 17 சதவீதம்தான் நிரம்பியது. உயிரியல் படித்தவர் மின்சாரப் பாடம் எடுக்கும் பள்ளிகள் நிறைய இருக்கின்றன. இயற்பியலில் எம்.எஸ்சி. படித்து, வகுப்பறையில் நின்று பழகியவர் வருகிறார் என்றால் துறைத் தலைவர் சந்தோஷப்படுவார்.

சரி, ஆராய்ச்சிக்கு வருவோம். இதைத்தான் விரிவாகப் பேச ஆசை. ஏனென்றால் நீங்கள் இருக்கும் லீட்ஸ், பள்ளி அறிவியல் ஆராய்ச்சியில் பெரிய பேர் பெற்ற ஊர். 1980களில் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் ரோசலிண்ட் டிரைவர் என்ற அம்மையாரும் அவரோடு சேர்ந்த பள்ளி ஆசிரியர்களும், பாடம் தொடங்கும் முன்பே பிள்ளைகள் மனதில் என்ன இருக்கிறது என்று உட்கார்ந்து கேட்டார்கள். பேட்டரியிலிருந்து கிளம்பும் மின்னோட்டம் பல்பில் கொஞ்சம் தீர்ந்துபோய் மிச்சம்தான் திரும்புகிறது, செடி மண்ணிலிருந்து சாப்பிடுகிறது, ஓடுகிற பொருளைத் தள்ளிக்கொண்டே ஒரு விசை கூடவே போகிறது என்றெல்லாம் பிள்ளைகள் சொன்னார்கள். பல நாடுகளில் கேட்டபோதும் இதே மாதிரி பதில்கள்தான் வந்தன. கவனக்குறைவால் இப்படிச் சொல்வதில்லை. அன்றாடம் பார்த்ததை வைத்துப் பிள்ளைகள் தாங்களே கட்டிக்கொண்ட விளக்கங்கள் இவை. அதனால்தான் சரியான விடையை ஒருமுறை எழுதிப்போட்டதும் இவை போய்விடுவதில்லை. பரீட்சைத் தாளில் ஒன்று எழுதுவார்கள், மனதில் இன்னொன்று இருக்கும்.

இது நமக்குத் தெரியாத விஷயமா? ஒரே டிரான்ஸ்பார்மரில் பத்துத் தோட்டத்து மோட்டார் ஓடும்போது கடைசித் தோட்டத்தில் லோ வோல்டேஜ் என்று மோட்டார் எடுக்காது. அதைச் சின்ன வயதிலிருந்து பார்த்த பிள்ளை, 'முன்னாடி இருக்கிறவங்களே கரண்டை எடுத்துக்கிட்டாங்க' என்று நினைப்பதில் என்ன ஆச்சரியம்? நீண்ட கம்பியில் மின்னழுத்தம் குறைகிறது, மின்னோட்டம் கரைந்துபோவதில்லை என்று வேறுபடுத்திக் காட்டாமல் ஓம் விதியை எத்தனை தரம் எழுத வைத்தாலும் அந்த எண்ணம் அசையாது. இந்த உதாரணம் லீட்ஸில் இருக்கும் பேராசிரியருக்குக் கிடைக்காது. உங்களிடம் இருக்கிறது.

இன்னொன்று. தோப்புக்காரர் வீட்டுப் பையனிடம், இந்தத் தென்னை மரத்தின் எடை முழுக்க எங்கிருந்து வந்தது என்று கேட்டுப்பாருங்கள். 'மண்ணிலிருந்துங்க டீச்சர், எரு வெச்சோமில்ல' என்பான். ஒளிச்சேர்க்கைச் சமன்பாட்டைப் பிழையில்லாமல் எழுதியவனே அப்படிச் சொல்வான். காய்ந்த மரத்தின் எடையில் பெரும்பங்கு காற்றில் இருந்த கார்பன் டை ஆக்சைடிலிருந்து வந்தது என்பதை அவனால் ஏற்க முடியாது. எரு வைத்த மரத்தில் காய் பெருத்ததைக் கண்ணால் பார்த்தவன் அவன். இங்கே ஜன்னல் ஓரத் தொட்டியில் தக்காளி வளர்க்கும் சிறுமியும் இதையேதான் சொல்கிறாள். நான் இந்த இடத்தில் ஹெல்மோன்ட்டின் சோதனையைச் சொல்வேன். 17ஆம் நூற்றாண்டுக்காரர். மண்ணை எடைபோட்டு ஒரு தொட்டியில் கொட்டி, அதில் வில்லோ மரக்கன்றை 5 வருடம் வளர்த்தார். மரம் 70 கிலோவுக்கு மேல் கூடியது. மண் 100 கிராம்கூடக் குறையவில்லை. எல்லாம் தண்ணீர் கொடுத்ததுதான் என்று முடிவு கட்டினார். 'அவர் எதைக் கணக்கில் சேர்க்காமல் விட்டார்?' என்று கேட்டுவிட்டு நான் பேசாமல் நிற்பேன். வகுப்பே பேச ஆரம்பிக்கும்.

பேசாமல் நிற்பதற்கும் ஆராய்ச்சி இருக்கிறது. அமெரிக்காவில் மேரி பட் ரோ என்பவர் அறிவியல் வகுப்புகளைப் பதிவு செய்து ஆராய்ந்தார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடிதான் பொறுக்கிறார்கள். அதை 3 வினாடியாக்கினால் பிள்ளைகளின் பதில் நீளுகிறது, வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் சொல்கிறார்கள். நம்ம ஊரில் ஐம்பது பேர் இருக்கும் வகுப்பில் 'புரிஞ்சுதா?' என்றால் 'புரிஞ்சுதுங்க டீச்சர்' என்று கூரை அதிரும். அந்தச் சத்தத்தில் யாருக்குப் புரியவில்லை என்பது நமக்குத் தெரியாமலே போகும். இங்கே ஒவ்வொரு பிள்ளையிடமும் கையடக்க வெள்ளைப் பலகை இருக்கும். கேள்வி கேட்டதும் எழுதி ஒரே நேரத்தில் தூக்கிக் காட்டுவார்கள். நாம் ஒன்றாம் வகுப்பில் சிலேட்டைத் தூக்கிக் காட்டினோமே, அதேதான். முதல் வாரத்திலேயே இதைப் பழகிக்கொள்ளுங்கள். உங்கள் உச்சரிப்பு பிள்ளைகளுக்கும் அவர்களுடைய யார்க்‌ஷயர் பேச்சு உங்களுக்கும் பழகும் வரை இது பெரிய துணை.

ஆய்வகத்தைப் பார்த்து மலைத்துப்போவீர்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கே பன்சன் பர்னர். பொருளெல்லாம் எடுத்துவைக்கத் தனியாக டெக்னீஷியன். நம்ம பள்ளிகளில் பன்னிரண்டாம் வகுப்பு பிராக்டிகல் பரீட்சை நெருங்கும்போதுதான் பீரோ சாவியைத் தேடுவோம் என்ற வருத்தம் உங்களுக்கும் இருக்கும். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். ஏப்ரஹாம்ஸ், மில்லர் என்ற இருவர் இங்கிலாந்து மேல்நிலைப் பள்ளிகளில் 25 செய்முறை வகுப்புகளைக் கூடவே இருந்து கவனித்து 2008இல் எழுதினார்கள். பிள்ளைகள் கருவியை வைத்துச் செய்ய வேண்டியதைச் செய்துவிடுகிறார்கள். அதற்குப் பின்னால் இருக்கும் அறிவியல் கருத்தை யோசிப்பது மிகக் குறைவாகவே நடக்கிறது என்பது அவர்கள் கண்டது. நானும் தினமும் அதைப் பார்க்கிறேன். கை வேலை செய்கிறது, அளவு எழுதப்படுகிறது, மணி அடிக்கிறது. 'என்ன ஆகும்னு நினைக்கிறே, ஏன்?' என்ற கேள்வி சோதனைக்கு முன்பே விழ வேண்டும். மஞ்சள் தூளில் காகிதத்தை நனைத்து சோப்புத் தண்ணீரைத் தொட்டுக் காட்டும் ஒரு ஈரோட்டு டீச்சர், அந்தக் கேள்வியை முதலில் கேட்டுவிட்டுச் செய்தால், அவருடைய வகுப்பு இங்கிருக்கும் எத்தனையோ வகுப்புகளைவிட மேல். இதை நான் மனதாரச் சொல்கிறேன். பாதுகாப்பு விதிகளை மட்டும் இங்கே புதிதாகக் கற்க வேண்டும். கிளீப்ஸ் என்ற அமைப்பின் வழிகாட்டுதல்களைத்தான் பெரும்பாலும் எல்லாப் பள்ளியும் பின்பற்றும். டெக்னீஷியனிடம் நல்ல பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள், பாதி அவரே சொல்லிக்கொடுத்துவிடுவார்.

மார்க்கு விஷயம். ரூத் பட்லர் என்பவர் 1988இல் வெளியிட்ட ஆய்வில், மார்க் போடாமல் கருத்து மட்டும் எழுதிக் கொடுக்கப்பட்ட பிள்ளைகள் முன்னேறினார்கள். மார்க்கும் கருத்தும் சேர்த்துத் தந்தபோது அந்தப் பலன் இல்லை. மார்க்கைப் பார்த்ததும் மற்றதைப் படிப்பதில்லை. லண்டன் கிங்ஸ் கல்லூரியின் பால் பிளாக், டிலன் வில்லியம் இருவரும் 1998இல் இப்படிப்பட்ட ஆய்வுகளைத் திரட்டி எழுதியது இங்கே பள்ளிகளின் போக்கையே மாற்றியது. ஒரு மார்க் குறைந்ததற்கே பள்ளிக்கு வந்து நிற்கும் நம்ம ஊர்ப் பெற்றோர் முன்னால் இதைச் செய்ய முடியாது என்பீர்கள். முடியாதுதான். இங்கே முடியும், செய்து பாருங்கள்.

நீங்கள் பெண் என்பது இங்கே பெரிய விஷயம். இயற்பியல் கழகம் 2012இல் வெளியிட்ட அறிக்கைப்படி, இருபாலர் படிக்கும் அரசுப் பள்ளிகளில் 49 சதவீதத்திலிருந்து ஒரு பெண் பிள்ளைகூட ஏ லெவலில் (நம்ம மேல்நிலை வகுப்பு மாதிரி) இயற்பியல் எடுக்கவில்லை. லூயிஸ் ஆர்ச்சர் என்ற ஆய்வாளரின் குழு 2009இல் தொடங்கிய ஆஸ்பயர்ஸ் ஆய்வும் இதை ஒட்டியதுதான். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அறிவியல் பிடிக்கிறது. விஞ்ஞானி ஆக விரும்புகிறவர்கள் 15 சதவீதம் அளவில்தான். 'இது எங்களை மாதிரி ஆட்களுக்கு இல்லை' என்று சிறு வயதிலேயே முடிவு செய்துவிடுகிறார்கள். வீட்டிலோ தெருவிலோ அறிவியல் தொடர்பான வேலை செய்கிறவர் இருந்தால் அந்த எண்ணம் மாறுகிறது. தோடும் சடையுமாக ஒரு பெண் வந்து நின்று நியூட்டன் விதியைச் சிரித்துக்கொண்டே பிரித்துக் காட்டுவதைப் பார்த்த பதிமூன்று வயதுப் பெண்ணுக்கு என்ன தோன்றும் என்று யோசியுங்கள். பாகிஸ்தான், வங்காளதேச வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகள் இங்கே நிறைய. அவர்கள் உங்களை வேறு மாதிரிப் பார்ப்பார்கள்.

ஒழுங்கு பற்றியும் கேட்டிருந்தீர்கள். உள்ளே நுழைந்ததும் எழுந்து நிற்க மாட்டார்கள், 'மிஸ்' என்று மட்டும் கூப்பிடுவார்கள், எதிர்த்தும் பேசுவார்கள். மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். பள்ளியின் விதி என்னவோ அதை எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மாதிரி, குரல் உயர்த்தாமல் கடைப்பிடியுங்கள். முதல் பருவம் கஷ்டமாகத்தான் இருக்கும்.

ஓரிரு வருடம் போகட்டும். அதற்குள் உங்கள் மனதில் ஒரு கேள்வி உறுத்த ஆரம்பித்திருக்கும். ஏன் இந்தப் பிள்ளைகள் எல்லாரும் மின்னோட்டத்தில் ஒரே இடத்தில் தடுக்குகிறார்கள் என்பதாக இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். அந்தக் கேள்வியோடு எம்.ஏ.வுக்குப் போங்கள். பகுதி நேரமாகப் படிக்கலாம், சில பள்ளிகள் செலவில் பங்கும் தரும். அதுவரை யார்க் பல்கலைக்கழகம் பிள்ளைகளின் தவறான எண்ணங்களைக் கண்டுபிடிக்க உருவாக்கிய 'பெஸ்ட்' கேள்விகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றை வைத்துத் தொடங்குங்கள்.

ஆராய்ச்சி வெள்ளைக்காரர் கொண்டுவந்த சமாச்சாரம் என்றும் நினைக்க வேண்டாம். மத்தியப் பிரதேசத்தில் ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டம் 1972இல் 16 கிராமப்புறப் பள்ளிகளில் தொடங்கியது. மனப்பாடத்தை விட்டுச் சோதனை வழியே பாடம். ஆசிரியர்களே உட்கார்ந்து பாடத்தைத் திருத்தினார்கள். பரீட்சைக்குப் புத்தகத்தைப் பார்த்து எழுதலாம். 2002இல் அரசு அதை நிறுத்தியது எனக்கு இன்றைக்கும் வேதனைதான். மும்பையில் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் 1974லிருந்து இந்த ஆய்வைச் செய்கிறது. நம்மிடம் துளிர் என்ற சிறுவர் அறிவியல் இதழ் இருந்தது, தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தாரின் கூட்டங்கள் இருந்தன. நேர்முகத்தில் 'அங்கே எப்படிப் பாடம் எடுத்தீர்கள்' என்று கேட்டால் இதையெல்லாம் தயங்காமல் சொல்லுங்கள். ஐம்பது பேரை வைத்துக்கொண்டு, கருவி இல்லாமல், ஒரு கருத்தை எப்படி நிலைநிறுத்தினேன் என்று சொல்லக்கூடியவர் இங்கே அதிகம் இல்லை.

இந்த வாரம் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டு மூன்று பள்ளிகளுக்கு மெயில் எழுதி, அறிவியல் வகுப்புகளை ஓரிரு நாள் பின்னால் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். பெரும்பாலும் விடுவார்கள். டீச்சரைவிட, கடைசி வரிசையில் இருக்கும் ஒரு பிள்ளையை முழு வகுப்பும் கவனியுங்கள். எழுதும் மெயிலை முதலில் எனக்கு அனுப்பினால் பார்த்துத் திருத்தித் தருகிறேன்.