கான்ஃபரன்ஸில் வாசித்த கட்டுரையை விண்வெளி ஆய்விதழுக்கு அனுப்பலாமா?

கேள்வி: சின்ன செயற்கைக்கோளில் பொருத்தும், சூரியன் எந்தத் திசையில் இருக்கிறது என்று காட்டும் சன் சென்சாரைக் காலிபிரேட் செய்ய (அதன் அளவைச் சரிபார்த்துத் திருத்த) எங்கள் குழு ஒரு புதிய முறையை உருவாக்கியது. துல்லியம் 0.1 டிகிரி. போன வருடம் ஒரு கான்ஃபரன்ஸில் 6 பக்கக் கட்டுரையாக வாசித்தோம். அதை விரிவாக எழுதி விண்வெளித் தொழில்நுட்ப ஆய்விதழ் ஒன்றில் வெளியிட ஆசை. ஏற்கெனவே வாசித்தது தடையாக இருக்குமா? ஒருவர் ஃபார்மட் செய்து, 20 நாளில் ஸ்கோப்பஸ் (ஆய்விதழ்களின் தரவுத்தளம்) பட்டியலில் உள்ள இதழில் போட்டுத் தருவதாகச் சொல்கிறார். ஃபைலை அவருக்கு அனுப்பிவிட்டேன், பணம் இன்னும் கொடுக்கவில்லை.

பதில்:

பணம் கொடுக்காதீர்கள். இன்றைக்கே அவருக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். என் கட்டுரையை எந்த இதழுக்கும் அனுப்ப உங்களுக்கு அனுமதி இல்லை, அனுப்பியிருந்தால் எங்கே என்று சொல்லுங்கள் என்று இரண்டு வரி போதும், ஆனால் எழுத்தில் இருக்க வேண்டும், போனில் பேசியதற்கு நாளைக்குச் சாட்சி கிடையாது. காப்புரிமை (காப்பிரைட்) படிவம் என்று எதையாவது நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள். ஒரே கட்டுரை ஒரே சமயத்தில் இரண்டு இதழ்களின் பரிசீலனையில் இருப்பது தெரியவந்தால் இரண்டு பக்கமும் நிராகரிப்பார்கள், அந்தக் கெட்ட பெயர் உங்கள் மேல்தான் விழும். ஏஜென்ட்டின் பெயர் எங்கேயும் வராது. அவர்கள் பிழைப்பே அதில்தான் ஓடுகிறது.

20 நாள் என்ற பேச்சையே எடுத்துக்கொள்ளுங்கள். எடிட்டர் முதலில் படிக்க வேண்டும், அப்புறம் உங்கள் துறை தெரிந்த இரண்டு மூன்று பேரைத் தேடிப்பிடிக்க வேண்டும். அவர்கள் சம்பளம் இல்லாமல், தங்கள் வேலைக்கு நடுவே படித்துக் கருத்து எழுத வேண்டும், நீங்கள் திருத்த வேண்டும், அவர்கள் மறுபடி பார்க்க வேண்டும். ஒழுங்கான இதழில் இதற்குப் பல மாதங்கள் ஆகும். 20 நாளில் முடிகிறது என்றால் நடுவில் யாரும் படிக்கவில்லை என்று அர்த்தம். ஸ்கோப்பஸில் இருக்கிறது என்பதும் முழுப் பாதுகாப்பு இல்லை, இன்று பட்டியலில் இருக்கும் இதழை நாளை நீக்குவார்கள். ஹிந்தாவி என்ற பதிப்பகத்தின் இதழ்களிலிருந்து 2023-ல் மட்டும் 8,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன, மதிப்பாய்வில் நடந்த மோசடிதான் முக்கியக் காரணம். அதில் எத்தனை பேர் உங்களைப் போல யாரோ ஒருவரை நம்பி ஃபைலைக் கொடுத்தவர்களோ என்று நினைத்தால் வயிறு எரிகிறது. எனக்குத் தெரிந்த ஒரு மாணவரின் கட்டுரை வெளிவந்தபோது, அவர் வாழ்நாளில் பார்த்திராத இரண்டு பேர் அதில் ஆசிரியர்களாக இருந்தார்கள். ஆசிரியர் பட்டியலில் இடத்தையே விற்றிருக்கிறார்கள். அதைச் சரிசெய்ய அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

ஃபார்மட்டுக்கு யாருக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை. டெம்ப்ளேட்டை இதழ்களே இலவசமாகத் தருகின்றன. எல்செவியர் பதிப்பகத்தின் இதழ்கள் பலவற்றில் முதல் சமர்ப்பிப்புக்குக் கண்டிப்பான ஃபார்மட்டே கேட்பதில்லை.

எங்கே அனுப்புவது? சர்வதேச விண்வெளியியல் அகாடமியின் இதழான ஆக்டா அஸ்ட்ரோநாட்டிகா, அமெரிக்காவின் ஏஐஏஏ என்ற விண்வெளிப் பொறியாளர் அமைப்பு 1964 முதல் நடத்தும் ஜர்னல் ஆஃப் ஸ்பேஸ்கிராஃப்ட் அண்ட் ராக்கெட்ஸ், கோஸ்பார் என்ற சர்வதேச விண்வெளி ஆய்வுக் குழுவின் அட்வான்சஸ் இன் ஸ்பேஸ் ரிசர்ச், இந்த மூன்றையும் முதலில் பாருங்கள். ஒவ்வொன்றிலும் கடந்த இரண்டு வருடத்தில் சென்சார் காலிபிரேஷன் பற்றி வந்த கட்டுரைகளை எடுத்துப் படித்தால் உங்களுக்கே இடம் புரிந்துவிடும். ஆக்டா அஸ்ட்ரோநாட்டிகாவில் சந்தா வழியில் (படிப்பவர்கள் பணம் கட்டும் முறை) வெளியிட ஆசிரியர் கட்டணம் கிடையாது, எல்லோரும் இலவசமாகப் படிக்கும்படி ஓப்பன் ஆக்சஸ் வேண்டும் என்றால்தான் கட்டணம். கவனம், பெயர்பெற்ற இதழ்களின் பெயரையும் ஐஎஸ்எஸ்என் என்ற இதழ் அடையாள எண்ணையும் அப்படியே நகலெடுத்துப் போலித் தளம் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். எண் சரியாக இருக்கிறது என்பதால் தளம் அசல் ஆகிவிடாது. மெயிலில் வந்த லிங்க்கைத் தொடாமல், பதிப்பகத்தின் தளத்துக்கு நீங்களாகப் போய் அங்கிருந்து இதழுக்குள் நுழையுங்கள்.

இனி நீங்கள் கேட்ட முக்கியமான விஷயம். ஏற்கெனவே வெளிவந்ததை மறுபடி வெளியிடக் கூடாது என்பதுதான் பொது விதி, அதற்கு விதிவிலக்கு கான்ஃபரன்ஸ் கட்டுரை. பொறியியல் துறையில் கான்ஃபரன்ஸில் வாசித்து, விவாதித்து, அப்புறம் விரித்து இதழுக்கு அனுப்புவது சாதாரண வழக்கம். தடை இல்லை. ஆனால் இதை ரொம்பப் பேர் தப்பாகப் புரிந்துகொண்டு மாட்டிக்கொள்கிறார்கள் என்பதால் விவரமாகவே சொல்கிறேன். முதலில், உங்கள் 6 பக்கம் எப்படி வெளிவந்தது என்று பாருங்கள். சுருக்கம் மட்டும் அச்சானது என்றால் கவலையே வேண்டாம். முழுக் கட்டுரையும் டிஓஐ என்ற கட்டுரை அடையாள எண்ணோடு தொகுப்பில் வந்திருந்தால், முதல் பக்கத்தின் அடியில் காப்புரிமை யாருக்கு என்று ஒரு வரி இருக்கும், அதைப் படியுங்கள். உரிமை அமைப்பாளர்களிடம் இருந்தால் பழைய படங்களை அப்படியே பயன்படுத்த அவர்களிடம் அனுமதி கேட்க வேண்டும், அல்லது புதிய தரவோடு படங்களைப் புதிதாக வரைய வேண்டும். அடுத்தது, மறைக்காதீர்கள். தலைப்பை மாற்றினால் தெரியாது என்று சிலர் யோசனை சொல்வார்கள், கட்டுரை உள்ளே வந்ததும் ஒப்புமை பார்க்கும் மென்பொருளில் ஓட்டுவார்கள், முதல் வரியிலேயே உங்கள் பழைய கட்டுரை வந்து நிற்கும். நீங்கள் முன்பே சொல்லியிருந்தால் எடிட்டர் அதைத் தாண்டிப் போய்விடுவார், சொல்லாமல் இருந்தால் அங்கேயே கதவைச் சாத்துவார். ஆகவே கவர் லெட்டரிலேயே, இது இன்ன கான்ஃபரன்ஸில் வாசித்ததன் விரிவான வடிவம், புதிதாக இன்னின்ன சேர்த்திருக்கிறோம் என்று எழுதுங்கள். கட்டுரைக்குள்ளும் முந்தையதை மேற்கோள் காட்டுங்கள். 30 சதவீதம் புதிதாக இருந்தால் போதும் என்று ஒரு கணக்கு சுற்றுகிறது, அது எல்லா இதழுக்கும் பொதுவான விதி இல்லை. சதவீதம் பார்த்து வாக்கியங்களைத் திருப்பிப் போடுவதில் பயன் இல்லை. புதிய அளவீடு, புதிய ஒப்பீடு, அன்றைக்குப் பதில் சொல்ல முடியாத கேள்விக்கு இன்றைக்கு ஒரு பதில், இவற்றில் ஏதாவது இருக்க வேண்டும்.

பட்டத்துக்கும் பதவி உயர்வுக்கும் என்ன எழுதினாய் என்று கேட்காமல் எத்தனை எழுதினாய் என்று கேட்கிற அமைப்பு இருக்கும்வரை, நல்ல வேலை செய்த இளைஞர்கள்கூட இந்த ஏஜென்ட்டுகளின் வாசலில் நிற்கத்தான் செய்வார்கள். கெடு வைக்கிறவர்கள் ஒரு தடவையாவது ஒரு கட்டுரை மதிப்பாய்வுக்குப் போய்த் திரும்பிவர எவ்வளவு காலம் ஆகிறது என்று பார்த்துவிட்டுக் கெடு வைக்கலாம். உங்கள் கைடு அவசரப்படுத்தினால், சமர்ப்பித்ததற்கு இதழ் அனுப்பும் ஒப்புகையைக் காட்டிக் கேட்டுப் பாருங்கள், பல இடங்களில் அதை ஏற்றுக்கொள்கிறார்கள்.

சரி, இந்தச் சக்தியைச் செலவழிக்க வேண்டிய இடம் உங்கள் 0.1 டிகிரி. மதிப்பாய்வாளர் முதலில் கை வைப்பது அங்கேதான். அது சராசரிப் பிழையா, 1 சிக்மாவா, 3 சிக்மாவா (சிக்மா என்பது பிழைகள் எவ்வளவு சிதறுகின்றன என்பதன் அளவு)? சொல்லாமல் விட்டால் அந்த எண்ணுக்கு மதிப்பே இல்லை. சுற்றுப்பாதையில் பூமியின் மேல் பட்டுத் திரும்பும் வெளிச்சமும் சென்சாருக்குள் விழும், பூமி தன்மேல் படும் ஒளியில் சராசரியாக 30 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிறது. ஆய்வுக்கூடத்தில் அது இல்லை. உங்கள் முறை அதைக் கணக்கில் எடுக்கவில்லை என்றால் எடுக்கவில்லை என்று நீங்களே எழுதிவிடுங்கள், அவர் கண்டுபிடித்துச் சொல்ல விடாதீர்கள். குவாட்டர்னியன் (திரும்பியிருக்கும் நிலையை நான்கு எண்களால் சொல்லும் முறை) பயன்படுத்தியிருந்தால், அதில் ஸ்கேலர் எனப்படும் தனி எண் முதலில் வருகிறதா கடைசியில் வருகிறதா என்பதையும் ஒரு வரியில் சொல்லுங்கள்.

அப்புறம், ஆய்வுக்கூடத்தில் சூரியனுக்குப் பதிலாக வைக்கும் விளக்கு. வானத்தில் சூரியன் சுமார் அரை டிகிரி அகலம்தான். 5 செ.மீ. அகலமுள்ள விளக்கை 1 மீட்டர் தூரத்தில் நேரடியாக வைத்து அளந்திருந்தால் சென்சாருக்கு அது கிட்டத்தட்ட 3 டிகிரி அகலமாகத் தெரிந்திருக்கும். சூரியன் அளவுக்குத் தெரிய வேண்டும் என்றால் ஐந்தரை மீட்டருக்குப் பக்கத்தில் தள்ளி வைக்க வேண்டும், அல்லது ஒளியை இணைக்கதிராக்கும் லென்ஸ் வேண்டும். சென்சாரை வைத்துத் திருப்பும் சுழல்மேசையின் அச்சிலிருந்து அது 2 மி.மீ. விலகியிருந்தாலே 1 மீட்டர் தூரத்தில் 0.1 டிகிரிக்கு மேல் பிழை வரலாம், நீங்கள் சாதித்ததாகச் சொல்லும் துல்லியமே அவ்வளவுதானே. விளக்கின் அகலம், தூரம், சென்சார் எவ்வளவு விலகி இருந்தது, இந்த மூன்றும் உங்கள் நோட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் எழுத உட்காருவதற்கு முன்னால் ஆய்வுக்கூடத்துக்குப் போய் மறுபடி அளந்துவிட்டு வாருங்கள். இதழுக்குக் காட்ட வேண்டிய புதிய அளவீடும் அதிலேயே கிடைத்துவிடும்.