முதியோர் இல்லத்தில் மருந்து: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

ஆஸ்பத்திரியிலிருந்து அம்மா இல்லத்துக்குத் திரும்பி ஒரு வாரம் ஆகிறது. எழுந்து நின்றாலே தலைசுற்றல். மாத்திரையும் முன்பைவிட அதிகமாகத் தெரிகிறது.

ஐந்து நிமிடம் படுக்கவைத்து பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு எழுந்து நின்ற 1 நிமிடத்திலும் 3 நிமிடத்திலும் பார்க்கட்டும். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் அன்றே டாக்டரிடம் பேசுங்கள்.

அடுத்து, ஒரே மருந்து இரண்டு பெயரில் போகிறதா என்று பாருங்கள். டிஸ்சார்ஜ் ஆகி வந்த முதல் வாரத்தில் அடிக்கடி நடக்கும் தவறு இது. பழைய டப்பாவில் ஒரு கம்பெனியின் டெல்மிசார்ட்டான் என்ற பிரஷர் மருந்து, புதுச் சீட்டில் வேறு கம்பெனியின் டெல்மிசார்ட்டான். இல்லப் பணியாளர் கண்ணுக்கு இரண்டும் வேறு வேறு. அம்லோடிபின் என்ற இன்னொரு பிரஷர் மருந்து சேர்ந்த கூட்டு மாத்திரை புதிதாக வந்த பிறகும் தனி அம்லோடிபின் நிற்காமல் தொடர்வதும் உண்டு. பிராண்ட் பெயரை விட்டுவிட்டு மூலப்பெயரையும் மில்லிகிராமையும் மட்டும் ஒப்பிடுங்கள்.

எல்லா அட்டைகளையும் மேசையில் பரப்பி, டிஸ்சார்ஜ் சம்மரியைப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு மருந்துக்கும் 'தொடரும்', 'நிறுத்தம்', 'அளவு மாற்றம்' என்று ஒன்றை எழுதுங்கள். பழைய மருந்து ஒன்று சம்மரியில் இல்லையென்றால், நிறுத்திவிட்டார்கள் என்று நீங்களாக முடிவுசெய்யாதீர்கள். நெஞ்சுவலிக்கு அட்மிட் ஆனவரின் தைராய்டு, வலிப்பு, பார்க்கின்சன் மாத்திரைகள் எழுதப்படாமல் விட்டுப்போகலாம். டிஸ்சார்ஜ் செய்த டாக்டரிடமே கேளுங்கள். நிறுத்திய மாத்திரை அறையில் இருக்கக் கூடாது. பழைய பட்டியலைத் தேதி போட்டு அடித்துவிட்டு, இல்லத்தில் ஒரே ஒரு பட்டியலை வைத்திருக்கச் சொல்லுங்கள்.

பாட்டியால் விழுங்க முடியவில்லை. எல்லா மாத்திரைகளையும் ஒன்றாக இடித்துத் தயிர்சாதத்தில் கலந்து கொடுக்கிறார்கள். சரியா?

சரியல்ல. பெயருக்குப் பின்னால் எஸ்ஆர், எக்ஸ்ஆர், இஆர், சிஆர் என்று இருந்தால் அதை இடிக்கவே கூடாது. நாள் முழுக்கச் சிறுகச் சிறுகக் கரைய வேண்டிய மருந்து ஒரே நேரத்தில் ரத்தத்தில் இறங்கிவிடும்; பிரஷர் மாத்திரையாக இருந்தால் மயங்கி விழுவார். வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோலை இடித்தால் மேல்பூச்சு போய், வயிற்று அமிலமே மருந்தைச் சிதைத்துவிடும். மெட்டோபிரலால் சக்சினேட் எக்ஸ்ஆர் என்ற பிரஷர் மாத்திரையில் நடுக்கோடு இருந்தால் பாதியாக உடைக்கலாம், இடிக்கக் கூடாது.

அதே மருந்து சிரப்பாகவோ, தண்ணீரில் கரையும் மாத்திரையாகவோ கிடைக்குமா என்று கேளுங்கள். இடிக்கலாம் என்று டாக்டரோ பார்மசிஸ்டோ சொன்ன மாத்திரையைத் தனித்தனியாக இடித்து, ஒரு ஸ்பூன் தயிரில் மட்டும் கலந்து கொடுக்க வேண்டும். கிண்ணம் நிறைய சாதத்தில் கலந்தால், அவர் பாதி சாப்பிட்டு நிறுத்தும்போது மருந்தும் பாதிதான் போகும். நிமிர்ந்து உட்காரவைத்துக் கொடுத்து, அரை மணி நேரம் படுக்கவிடாதீர்கள். விழுங்குவதில் சிரமம் திடீரென வந்ததா? பக்கவாதமாகவும் இருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

அப்பாவின் இன்சுலின் பேனா பழுதானது. நர்ஸ் பேனாவின் மருந்துக் குழாயான கார்ட்ரிஜிலிருந்து சாதாரண சிரிஞ்சில் எடுத்துப் போட்டார். அன்று சர்க்கரை மிகவும் இறங்கிவிட்டது. ஏன்?

நம் ஊரில் குப்பி இன்சுலின் பெரும்பாலும் 1 மில்லிக்கு 40 யூனிட்; பேனா கார்ட்ரிஜ் 1 மில்லிக்கு 100 யூனிட். சிவப்பு மூடி சிரிஞ்ச் 40-க்கு உரியது, ஆரஞ்சு மூடி 100-க்கு. கார்ட்ரிஜ் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உடம்புக்குள் போவது 50 யூனிட், அதாவது இரண்டரை மடங்கு. மாற்றிச் செய்தால், 40 குப்பியிலிருந்து ஆரஞ்சு சிரிஞ்சில் 20 கோடு என்பது வெறும் 8 யூனிட். கார்ட்ரிஜிலிருந்து சிரிஞ்சால் எடுப்பதையே இல்லத்தில் தடைசெய்யச் சொல்லுங்கள். மாற்றுப் பேனா ஒன்று எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும்.

சர்க்கரை 70-க்குக் கீழ் இறங்கி, நினைவோடு இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவில்லையென்றால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள்.

மூட்டு வாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒரு நாள் என்றார் டாக்டர். இல்லப் பதிவேட்டில் 1-0-0 (தினமும் காலை ஒன்று) என்று எழுதி, நான்கு நாள் தொடர்ந்து கொடுத்துவிட்டார்கள்.

நாளை வரை காத்திருக்காதீர்கள். மீதி அட்டையோடு இன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள். வாய்ப்புண், காய்ச்சல் எதுவும் இல்லாவிட்டாலும் போக வேண்டும். ரத்த அணுக்களையும் சிறுநீரகத்தையும் சோதித்து, மாற்று மருந்தான ஃபோலினிக் அமிலம் கொடுக்க வேண்டுமா என்று அங்கே முடிவுசெய்வார்கள். உயிரைப் பறித்த தவறு இது. இனி 'திங்கள் மட்டும்' என்று கிழமையை முழுதாக எழுதச் சொல்லுங்கள். மருந்து அட்டையும் அன்றாட டப்பாவில் இருக்கக் கூடாது.

தைராய்டு மாத்திரையைக் காலை காபியோடு கொடுக்கலாமா?

வேண்டாம். வெறும் வயிற்றில் தண்ணீரோடு கொடுத்து, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துக் காபி. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி தேவை.

தூக்கம் வரவில்லை என்றால் தாத்தாவுக்கு இல்லத்தில் அலர்ஜி மாத்திரை கொடுக்கிறார்கள்.

ஃபெனிரமின், குளோர்ஃபெனிரமின் போன்றவை வயதானவர்களுக்குக் குழப்பம், மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, தடுமாறி விழுதல் எல்லாவற்றையும் கொண்டுவரும். புராஸ்டேட் வீக்கம் உள்ளவருக்கு ஆபத்து இன்னும் அதிகம். சிறுநீரை அதிகமாக வெளியேற்றும் ஃப்ரூசமைடு மாத்திரை போடுபவரானால், அதை எப்போது கொடுக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். மாலையில் கொடுத்தால் இரவெல்லாம் சிறுநீர் கழிக்க எழுந்துகொண்டே இருப்பார். காலைக்கு மாற்ற முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். வலி இருக்கிறதா, பகலில் எவ்வளவு நேரம் தூங்குகிறார் என்பதையும் கவனியுங்கள். வெகுகாலமாக அல்பிரசோலம் என்ற பதற்ற, தூக்க மாத்திரை போடுபவராக இருந்தால் அதைச் சட்டென்று நிறுத்தாதீர்கள், வலிப்பே வரலாம். டாக்டர் சொல்லும் அளவில் வாரக்கணக்கில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.