முடிச்சுக் காசு

அன்புள்ள அக்கா,

உங்கள் தளத்தை நாலைந்து வருடமாக வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. பெயர் போட வேண்டாம். சொந்த ஊர் களுவாஞ்சிகுடி, இருப்பது டொரன்டோவில். ஆகஸ்டில் பன்னிரண்டு நாள் லீவில் வருகிறேன். அதில் மூன்று நாளை அம்மாவுக்கென்றே ஒதுக்கி, கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போய் ஆசை தீர உடுப்பு வாங்கிக் கொடுக்கத் திட்டம். அம்மாவுக்கு 68 வயது. காலிமுகத்திடலைப் பார்த்த மாதிரி ஒரு ஹோட்டல் அறை பார்த்துவிட்டேன். எந்தக் கடைக்கு எத்தனை மணிக்கு என்று அட்டவணையும் போட்டாயிற்று. அம்மாதான் அசைகிறார் இல்லை. போன் எடுத்தால், "எனக்கு ஒண்டும் வேணா புள்ள, கிடக்கிற சீலையே உடுத்து முடியாது" என்கிறார். எப்படிச் சம்மதிக்க வைப்பது? ரயில் நல்லதா, வான் வண்டி நல்லதா? கொழும்பை விட்டுவிட்டு நேரே சென்னைக்கே கூட்டிப் போனால் என்ன? ஊரில் எத்தனையோ பேர் கஷ்டப்படும்போது இப்படிச் செலவழிப்பது சரியா என்றும் மனம் உறுத்துகிறது.

ஒரு வாசகி

*

அன்புள்ள தங்கச்சி,

பயணத்துக்கு வழி கேட்டு வருகிற கடிதங்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை. இதற்கு எழுதுவது உங்கள் அம்மா சொன்ன அந்த ஒரு வசனத்துக்காக. அதே வசனத்தை, அந்த 'புள்ள' வரைக்கும் பிசகாமல், என் அம்மாவும் எனக்குச் சொல்லியிருக்கிறார். அது மட்டுமில்லை, போன கிழமை என் மகள் போனில், "அம்மா, ஏதும் வேணுமெண்டா சொல்லுங்க, ஒன்லைனில போட்டு விடுறன்" என்றாள். என் வாயிலிருந்து தானாக வந்தது: "எனக்கு ஒண்டும் வேணா புள்ள." போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். உண்மையில் எனக்கு ஒரு குடை வேண்டியிருந்தது.

சில்லறைக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். சென்னையை மறந்துவிடுங்கள், உங்கள் அம்மா கேட்டாரா? ஊரில் கஷ்டப்படுகிறவர்களைப் பற்றிய உறுத்தல் நல்லதுதான், ஆனால் அதை அம்மாவின் கணக்கில் எழுதாதீர்கள். அங்கே பிள்ளையின் பிறந்தநாளுக்கு மண்டபம் எடுத்தபோது அது எங்கே போயிருந்தது? அம்மாவுக்கென்று வரும்போது மட்டும் நம் எல்லோருக்கும் நாட்டு நிலைமை ஞாபகத்துக்கு வந்துவிடுகிறது.

அட்டவணையைக் கிழித்துப் போடுங்கள். நீங்கள் கூட்டிப் போவது அம்மாவை, பள்ளிக்கூடச் சுற்றுலாவை இல்லை.

கோபிக்க வேண்டாம். நீங்கள் போட்டிருக்கிற இதே திட்டத்தை நான் 2016இல் போட்டவள். உதயதேவி ரயிலில் அம்மாவும் நானும். காலையில் மட்டக்களப்பில் ஏறி, கட்டிக்கொண்டு போன இடியப்பத்தைப் புணானை தாண்டுமுன் சாப்பிட்டு முடித்து, பின்னேரம் கொழும்புக் கோட்டை ஸ்டேஷனில் இறங்கினோம். அடுத்த நாள் காலையிலேயே புறக்கோட்டைக் கடைத்தெரு. இரண்டாம் குறுக்குத் தெருவில் சம்மாங்கோட்டுப் பள்ளிவாசலைக் கண்டதும் அம்மா நடுத்தெருவில் நின்றுவிட்டார். மாதுளம்பழம் மாதிரிக் கும்பங்கள், உடம்பெல்லாம் சிவப்பும் வெள்ளையும். 1909இல் கட்டி முடித்ததாம். சுமை தூக்குகிற நாட்டாமைமார் மூட்டை ஏற்றிய தள்ளுவண்டியோடு "வழி, வழி" என்று கத்துகிறார்கள், அம்மா அண்ணாந்து பார்த்தபடியே நிற்கிறார். எனக்கோ மணி பத்தரை. பத்துக்கு முதல் கடையில் இருந்திருக்க வேண்டும்.

ஒரு வழியாகப் பிடவைக் கடைக்குள் ஏறினோம். பெயர் வேண்டாம், கடையில் ஒரு பிழையும் இல்லை. அம்மா பட்டுப் பக்கம் திரும்பவில்லை. அடுக்கின் அடியிலிருந்து நாவற்பழ நிறத்தில் ஒரு கைத்தறிச் சீலையை உருவினார். உருவிய கையோடு கரையைப் புரட்டிப் பின்பக்கம் பார்த்தார். முந்தானை நுனியில் நாக்கின் ஈரத்தைத் தொட்டு வைத்து, இடுப்பிலிருந்த வெள்ளை லேஞ்சியால் (கைக்குட்டையால்) தேய்த்து, லேஞ்சியை வெளிச்சத்தில் பிடித்தார். சாயம் ஒட்டவில்லை. பிறகு கடைக்காரத் தம்பியைப் பார்த்து, "இது மருதமுனைத் துணி, என்ன?" என்றார். அவன் ஓமென்று தலையாட்டினான். எங்கள் வீட்டிலிருந்து 40 கிலோமீட்டருக்குள் நெய்ததைப் பார்க்க நாங்கள் ஒரு பகல் முழுக்க ரயிலில் வந்திருக்கிறோம். அம்மா சிரித்த சிரிப்பு!

விலை மூவாயிரத்து இருநூறு என்றான். அம்மா இரண்டாயிரம் என்றார். "நூல் காசும் வராது அம்மா." "அப்ப வை." அம்மா சீலையை அவன் பக்கம் தள்ளிவிட்டுக் கைப்பையை எடுத்தார். எழும்பவில்லை, எடுத்தார். அவன் சீலையை மடிக்கிற மாதிரி ஒரு மடிப்பு மடித்தான், முழுக்க மடிக்கவில்லை. "ரெண்டாயிரத்து எண்ணூறு." "ரெண்டாயிரத்து இருநூறு. கிழக்கால வந்த ஆக்கள், பஸ்சுக்குக் காசு மிச்சம் வேணும்." அவன் சிரிக்கிறான். அம்மாவின் கண்ணில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்து எத்தனையோ வருடமாகியிருந்தது.

அந்த நேரத்தில் நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். வங்கிக் காட்டை எடுத்து மேசையில் வைத்து, "சரி தம்பி, சொன்ன விலையையே போடுங்க" என்றேன்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு வெள்ளவத்தையிலும் எத்தனை கடை ஏறினோம். எதைக் காட்டினாலும் "ஒண்டும் வேணா." செட்டியார் தெருவில் ஒரு சோடித் தோடு பார்க்கக் கூட உள்ளே வரமாட்டேன் என்று வாசலில் நின்றார். திரும்பும்போது மன்னம்பிட்டிப் பாலத்தில் ரயில் போய்க்கொண்டிருக்க, ஆற்றைப் பார்த்தபடி சொன்னார்: "அந்தச் சீலைய நீதான் வாங்கினாய் புள்ள, நான் வாங்கல்ல." எனக்குச் சுருக்கென்றது. உடனே எல்லாப் பிள்ளைகளும் சொல்கிற அந்த மடத்தனமான வசனத்தைச் சொன்னேன்: "ஏதும் வேணுமெண்டா கேளுங்கம்மா, காசைப் பற்றி யோசிக்காதீங்க." அம்மா, "மறுகா பாப்பம்" என்றார். மறுகா என்றால் பிறகு. எங்கள் பக்கத்து அம்மாக்கள் மறுகா என்றால் அது நடக்காது என்று உங்களுக்கும் தெரியும். ஒரு மாதத்துக்குள் அந்தச் சீலை என் தம்பி பெண்சாதியின் உடம்பில் இருந்தது.

இனி நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். 'வேணுமெண்டா கேளுங்க' என்பதை நாம் அன்பென்று நினைத்துச் சொல்கிறோம். கேட்கிற இடத்தில் ஒரு ஆளை நிரந்தரமாக உட்கார்த்தி வைக்கிற வசனம் அது. நாற்பது வருடம் ஒருவரையும் கேட்காமல் குடும்பத்தை ஓட்டிய மனுஷிக்கு அதைச் சொல்கிறோம்.

மட்டக்களப்புப் பக்கத்து வழமை உங்களுக்குத் தெரியாததில்லை. தாய்வழிக் குடி. வீடு மகளுக்கு. எனக்கு 1986இல் கலியாணம் நடந்தபோது, அம்மா தன் தாயிடமிருந்து தனக்கு வந்த வளவையும் வீட்டையும் எனக்கு எழுதிவிட்டு, குசினிக்குப் பின்னால் இருந்த சின்ன அறைக்குப் போனார். ஒருவரும் போகச் சொல்லவில்லை. அவருடைய அம்மாவும் அப்படித்தான் போனவர். பெண்ணுக்கு வீடு கிடைக்கிறது என்று இந்த வழமையை வெளியூர்க்காரர்கள் மெச்சுவார்கள், நானும் மேடையில் மெச்சிப் பேசியிருக்கிறேன். கொடுத்துவிட்டுப் பின்னறைக்குப் போகிற பெண்ணைப் பற்றி அந்தப் பேச்சில் ஒரு வரியும் இருந்ததில்லை. அதற்குப் பிறகு சுவரில் ஓர் ஆணி அடிக்கவும் அம்மா என்னைக் கேட்டார். நானும் 'அடிங்கம்மா' என்று பெருந்தன்மையாக அனுமதி கொடுத்தேன்.

ஆனால் அப்போதும் அவரிடம் முடிச்சு இருந்தது. முந்தானை நுனியில் காசை வைத்து முறுக்கி, இடுப்பில் செருகுகிற முடிச்சு. பன்பாய் இழைத்து விற்ற காசு, முட்டைக் காசு, சீட்டுக் காசு. 1978 நவம்பர் 23 சூறாவளியில் எங்கள் கூரை போய், பெட்டியில் இருந்ததெல்லாம் ஊறிப்போனபோது நான் ஏ.எல். (உயர்தரம்) படித்துக்கொண்டிருந்தேன். கடைகள் திறந்த முதல் கிழமையிலேயே அம்மா காத்தான்குடிக்கு நடந்து போய், எனக்கு வெள்ளைச் சட்டைத் துணி வாங்கி வந்தார். அப்பாவைக் கேட்கவில்லை, முடிச்சை அவிழ்த்தார்.

அந்த முடிச்சு எப்போது இல்லாமல் போனது என்று எனக்குத் தெரியவில்லை. கொழும்பால் வந்த பிறகு ஒருநாள் அம்மாவின் சீலைகளை மடித்துக்கொண்டிருந்தேன். பழைய நூல் சீலைகளின் முந்தானை நுனி ஒவ்வொன்றும் எத்தனை தோய்த்தாலும் போகாத சுருக்கத்தோடு கசங்கிக் கிடந்தது. ஒன்றில் குற்றிக்காசு அளவுக்கு வட்டமாக ஒரு கறை. நான் சம்பளம் எடுக்கத் தொடங்கியபின் வாங்கிக் கொடுத்த சீலைகளின் நுனியோ கடையில் இருந்த மாதிரியே வழுவழுவென்று.

தங்கச்சி, நீங்கள் டொரன்டோவிலிருந்து மாதாமாதம் அனுப்புகிற காசு யாருடைய பெயருக்கு வருகிறது? கடிதத்தில் எழுதவில்லை. தம்பி எடுத்து, மின்சாரம், மருந்து, சாமான் எல்லாம் பார்க்கிறார் என்றுதான் இருக்கும். பெரும்பாலும் அப்படித்தான். அம்மாவுக்கு ஒரு குறையும் இல்லை, ஒரு சதமும் இல்லை.

ஆகவே சம்மதிக்க வைப்பது எப்படி என்று கேட்காதீர்கள். ஆகஸ்ட் வரைக்கும் காத்திருக்காமல் இந்த மாதமே அம்மாவின் சொந்தக் கணக்குப் புத்தகத்துக்குக் காசு போடுங்கள். அந்த ஹோட்டல் அறைக்கு எவ்வளவோ, அவ்வளவு. கொழும்புக்கு என்று சொல்லிப் போடாதீர்கள், எதற்கென்றும் சொல்லாதீர்கள். கணக்குக் கேட்காதீர்கள். அதில் பாதியைத் தம்பிக்குக் கொடுப்பார், தேத்தாத்தீவிலோ மண்டூரிலோ கோயிலுக்குக் கொடுப்பார் என்று சொல்லப் போகிறீர்கள். கொடுக்கட்டுமே! கொடுக்கிற சுகத்தை இத்தனை வருடம் நீங்கள் ஒருத்தியே வைத்துக்கொண்டிருந்தது போதாதா? பிறகு கடையில் உங்கள் கை பைக்குள்ளே போகக் கூடாது. அம்மா ஏமாந்தாலும் போகக் கூடாது. ஏமாற மாட்டார், அது வேறு.

நான் அப்படிச் செய்து பார்த்தேன். 2017இல் என் ஓய்வூதியக் காசு மொத்தமாக வந்தபோது ஒரு பங்கை அம்மாவின் புத்தகத்தில் போட்டேன். இனி என்னை எங்கேயாவது கூட்டிப்போகச் சொல்வார் என்று காத்திருந்தேன். அடுத்த கிழமை, நான் குளித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து, அடுத்த வீட்டு மாமியோடு பஸ் ஏறிக் காத்தான்குடிக்குப் போய்விட்டார். எனக்கு வந்த கோபம்! மூன்று நாள் பயணத்துக்கு அப்படி அலுத்துக்கொண்ட மனுஷி.

இரண்டு மணிக்கு வந்து பையைக் கவிழ்த்தார். அரைக் கிலோ பேரீச்சம்பழம். பேரனுக்குச் சப்பாத்து, ஒரு சைஸ் பெரிது. சட்டைத் துணி இரண்டு. அப்புறம் ஒரு பித்தளைப் பூட்டு.

"எதுக்கம்மா பூட்டு?"

"என்ட அறைக்கு."

என் கணவர், அந்த அறையில் பூட்டி வைக்க என்ன கிடக்கிறது என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 31 வருடமாக அந்தக் கதவுக்குப் பூட்டு இல்லை என்பதையே நான் கவனித்ததில்லை. கடைக்கார நானா பூட்டுக்கு ஆயிரத்து ஐம்பது சொன்னாராம், அம்மா எழுநூற்றைம்பதுக்குக் கொண்டு வந்தாராம். அந்தக் கதையை அன்று பொழுதுபடுவதற்குள் நாலு தரம் சொன்னார். இரண்டு சாவி. இரண்டையும் முந்தானையில் முடிந்துகொண்டார்.

உங்கள் அம்மாவுக்கு வேண்டியது பூட்டாகத்தான் இருக்கும் என்று சொல்லவில்லை. என்னவென்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

கொழும்புக்குப் போவதென்றால் ரயிலில் போங்கள், வான் வண்டியில் அம்மாவுக்குக் கால் வீங்கும். புறக்கோட்டைக்கு ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், அநேகக் கடைகள் பூட்டு. ஆகஸ்டில் நிக்கினிப் போயா (பௌர்ணமி விடுமுறை) எந்த நாள் என்று கலண்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜும்ஆவுக்குக் கடை சாத்துவார்கள், அந்த நேரத்தைச் சாப்பாட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதற்கு முதல் ஒருநாள், உங்கள் வீட்டிலிருந்து தெற்கே, கல்லாறு தாண்டிக் கொஞ்ச தூரத்தில் இருக்கிற மருதமுனைக்கு அம்மாவோடு பஸ்ஸில் போய் வாருங்கள். 2004 சுனாமி அந்தக் கரையைப் புரட்டிப் போட்டபிறகும் தறிச் சத்தம் நிற்கவில்லை. நெய்கிற இடத்தில் நின்று நூலைத் தொட்டுப் பார்த்துவிட்டு அம்மா பேசுகிற விலையைக் கேளுங்கள். நீங்கள் வாயைத் திறக்க வேண்டாம்.

இதை என் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவருக்கு இப்போது எண்பத்தைந்து. முழுக்கக் கேட்டுவிட்டு, அந்தப் பொடியன் முதலில் சொன்னது மூவாயிரத்து இருநூறு இல்லை, மூவாயிரத்து ஐந்நூறு என்றார். இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் இரண்டாயிரத்து முந்நூறுக்குத் தந்திருப்பானாம்.

அன்புடன்,
அக்கா