மோட்டாரா, கம்ப்யூட்டரா?

கேள்வி: கணினி அறிவியல் படித்தால்தான் வேலை என்கிறார்கள் வீட்டில். எனக்கோ பழுதான மோட்டாரைக் கழற்றிப் பார்ப்பதில்தான் ஆசை. எதை எடுப்பது?

பதில்: கழற்றுகிறீர்கள், சரி. திரும்பப் பூட்டினால் ஓடுகிறதா? ஓடினால் மின்பொறியியல் பக்கம் தைரியமாக வாருங்கள். (நான் கழற்றிய முதல் மின்விசிறியில் இரண்டு திருகு மிஞ்சியது. அப்படியும் 25 வருடமாக இதில்தான் பிழைப்பு.)

வேலை கிடைக்குமா என்று பார்ப்பது தப்பில்லை. ஆனால் நீங்கள் பார்ப்பது இன்றைய சந்தை. வேலை தேடப்போவது நான்கு வருடம் கழித்து. 2014 ஜூனில் கச்சா எண்ணெய் பீப்பாய் 110 டாலரைத் தாண்டி நின்றது. அந்த மவுசைப் பார்த்துப் பெட்ரோலியப் பொறியியலில் சேர்ந்தவர்கள் உண்டு. 2016 ஜனவரியில் விலை 30 டாலருக்கும் கீழே! அவர்கள் படிப்பை முடிப்பதற்குள் எண்ணெய் நிறுவனங்கள் ஆட்குறைப்பில் இறங்கிவிட்டன.

காற்றாலையோ, மின்காரோ, ஏன், கணினிக்காரர்களின் டேட்டா சென்டரோ, எல்லாவற்றுக்கும் டிரான்ஸ்ஃபார்மரும், மின்சுற்றைத் தானாகத் திறந்து மூடும் ரிலேயும் தெரிந்த ஆள் வேண்டும். கூடவே பைத்தான் என்ற கணினி மொழியைக் கற்றுக்கொள்ளுங்கள்; வீட்டாருக்கும் கொஞ்சம் சமாதானமாக இருக்கும். அப்புறம், கலப்பெண் (complex number) கணக்கு கசக்குமென்றால் இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள். ஏசி (மாறுதிசை மின்னோட்ட) சுற்று முழுக்க அதுதான்.