சம்பளத்துக்கு வரம்பு என்று பயந்த ஓர் அப்பாவுக்கு

சார், உங்கள் கடிதம் கிடைத்தது. மெக்கானிக்கல் படிக்கும் உங்கள் மகன், ஃபார்முலா ஒன் கார் பந்தய அணி ஒன்றில் டிசைன் இன்ஜினியர் ஆக ஆசைப்படுகிறார். "ஃபார்முலா ஒன்னில் சம்பளத்துக்கே வரம்பு போட்டுவிட்டார்களாம், அங்கே போய் இவன் என்ன சம்பாதிப்பான்?" என்று கேட்டிருக்கிறீர்கள். செய்தி பாதி சரி.

வரம்பு தனி ஆளின் சம்பளத்துக்கு இல்லை. ஓர் அணி காருக்காக ஓராண்டில் செய்யும் செலவுக்கு. 2021-இல் வந்தபோது 14.5 கோடி டாலர், பிறகு அடிப்படை 13.5 கோடி, 2026-க்கு 21.5 கோடி. (கணக்கில் சேரும் இனங்கள் மாறியதே இந்தத் தாவலுக்கு முக்கியக் காரணம். அணிகளுக்குப் பணம் கொட்டிவிடவில்லை.) வேடிக்கை என்னவென்றால், ஓட்டுநர்களின் சம்பளமும், அதிகம் வாங்கும் மூன்று பேரின் சம்பளமும் இதில் வராது. ஓட்டுநருக்கு எத்தனை கோடி கொடுத்தாலும் கேட்பாரில்லை. தம்பி உட்கார நினைக்கும் டிசைன் மேசையின் சம்பளம்தான் வரம்புக்குள் ஏறும்.

அதனால் உங்கள் பயம் முழுக்கத் தப்பும் இல்லை. கூட ஓர் ஆளை எடுத்தால் காருக்குச் செலவிடும் பணம் அந்த அளவு குறையும். வரம்பு வந்த நேரத்தில் ஃபெராரி தன் ஆட்கள் சிலரை ஹாஸ் அணிக்கு அனுப்பியது. மெர்சிடஸ் சிலரைப் பாய்மரப் படகு வேலைக்குத் திருப்பியது. 'இருக்கட்டும், எடுத்து வைப்போம்' என்று ஆள் சேர்த்த காலம் போய்விட்டது.

2021 கணக்கில் ரெட் புல் அணி மாட்டியதைப் பாருங்கள். வரம்பைத் தாண்டியது 1.6 சதவீதம்தான். பந்தயத்துக்கு விதி போடும் எஃப்ஐஏ அமைப்பு தவறு என்று காட்டிய 13 இனங்களில் சாப்பாட்டுச் செலவும், தொழில்பழகுநர்களுக்காகக் கட்டும் வரியும் இருந்தன. அபராதம் 70 லட்சம் டாலர். காரின் மேல் காற்று எப்படிப் பாய்கிறது என்று பார்க்கும் ஏரோடைனமிக் சோதனை நேரத்திலும் 10 சதவீதம் வெட்டு. கேன்டீன் பில், அந்தச் சோதனை நடக்கும் விண்ட் டனல் வரை போய் இடிக்கிற விளையாட்டு இது! செலவுக் கணக்குத் தெரிந்த இன்ஜினியருக்கு அங்கே மதிப்பு கூடியது இப்படித்தான்.

போன வருடம் ஒரு மாணவர் துணிப்பையில் அலுமினிய அப்ரைட் ஒன்றைக் கொண்டுவந்தார், சக்கரத்தைத் தாங்கும் பாகம். அழகான வேலை. "எவ்வளவு ஆச்சு?" என்றேன். "ஸ்பான்சர் சார்" என்றார். கடைந்து கொடுத்த பட்டறைக்கே திருப்பி அனுப்பினேன். அலுமினியக் கட்டியில் பெரும்பகுதி சுருள் சுருளாகக் குப்பைத் தொட்டிக்குப் போயிருந்தது அங்கேதான் அவருக்குத் தெரிந்தது. மெஷின் மணிக்கு எவ்வளவு என்று விசாரித்து, கடைய வேண்டிய பள்ளங்களில் இரண்டைக் குறைத்து மறுபடி வரைந்தார். நேர்காணலில் பேச வேண்டியது இந்தக் கதையைத்தான்.

தம்பி கல்லூரி ரேஸ் கார் அணியில் இருக்கிறார் என்றீர்கள். கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் ஃபார்முலா பாரத் போன்ற மாணவர் போட்டிகளில் செலவு அறிக்கைக்கென்றே தனி மதிப்பெண் உண்டு. பையன்கள் அதைக் கடைசி வாரத்தில் ஜூனியர் தலையில் கட்டிவிடுவார்கள். அந்த அறிக்கையைத் தம்பி கேட்டு வாங்கட்டும்.

தொழில்நுட்ப விதிகளும் மாறிவிட்டன. 2026 காரில் மின் மோட்டாரின் சக்தி 120 கிலோவாட்டிலிருந்து 350-க்கு ஏறியிருக்கிறது. மொத்தச் சக்தியில் ஏறக்குறையப் பாதி மின்சாரம். மெக்கானிக்கல் படிப்பவர் பேட்டரி, இன்வெர்ட்டர், கன்ட்ரோல் பக்கம் இரண்டு பாடமாவது எடுப்பது நல்லது. ஃபார்முலா ஒன் கிடைக்காவிட்டாலும் ஓசூர், சென்னை மின்வாகன ஆலைகளில் அது செல்லும்.

கடைசியாக, கடன். அணிகளில் பெரும்பாலானவை இங்கிலாந்தில் இருப்பதால் அங்கே எம்எஸ்சி என்று ஏஜென்ட் ஆசை காட்டுவார். படிப்பு முடிந்து நீண்ட நாள் வேலை பார்க்க, விசாவுக்கு ஸ்பான்சர் செய்யும் கம்பெனி வேண்டும். அதை ஏஜென்ட் மெதுவாகத்தான் சொல்வார். வீட்டுப் பத்திரத்தை இப்போது வெளியே எடுக்காதீர்கள். தம்பி இரண்டாம் ஆண்டுதானே. முதலில் இங்கே இரண்டு வருடம் வேலை பார்க்கட்டும். கடன் பேச்சை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். அடுத்த மாதம் அவரையும் கூட்டிவாருங்கள், அந்தச் செலவு அறிக்கையோடு.