பேரிடருக்குத் தயாராவதில் எங்கே நிறுத்திக்கொள்வது?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: வெள்ளம், புயல், நிலநடுக்கம் என்று செய்திகளைப் பார்த்துப் பார்த்துப் பொருள் வாங்கிச் சேர்க்க ஆரம்பித்துவிட்டீர்கள். ஓர் அறை நிறைந்துவிட்டது. வீட்டில் இருப்பவர்கள் இது ரொம்ப அதிகம் என்கிறார்கள். எவ்வளவு போதும், எங்கே நிறுத்துவது, அவர்களை எப்படிக் கூட்டுச் சேர்ப்பது?

நேராகவே சொல்லிவிடுகிறேன். சேமிப்புக்கு ஒரு வாரம் என்று எல்லை போடுங்கள். அதற்கு மேல் வாங்குவதை நிறுத்திவிட்டு, மிச்ச அக்கறையை வீட்டின் மேலும் மனிதர்கள் மேலும் திருப்புங்கள்.

ஒரு வாரம் என்பது நானாகச் சொல்லும் கணக்கு இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2025-ல் மக்களிடம் குறைந்தது 72 மணி நேரம் வெளியுதவி இல்லாமல் தாக்குப்பிடிக்கத் தயாராக இருக்கச் சொன்னது. ஸ்வீடன் அரசு வீடுவீடாக அனுப்பிய கையேடு ஒரு வாரம் என்கிறது. காரணம் எளிது. பாதையைச் சரிசெய்து உதவி வந்துசேர முதல் சில நாள்கள் பிடிக்கும். அந்த நாள்களைத்தான் நாம் கடக்க வேண்டும். இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். பேரிடர் வந்தால் நமக்கு இரண்டே நிலைமைகள்தான்: ஒன்று, வீட்டுக்குள்ளேயே சில நாள் அடைந்து கிடப்பது, இல்லாவிட்டால், சில நிமிடங்களில் வீட்டைவிட்டுக் கிளம்புவது. அறை நிறைய அடுக்கிய சாமான் இரண்டாவதற்கு ஒன்றுக்கும் ஆகாது. முதலாவதற்கும் ஒரு வாரத்துக்கு மேல் தேவைப்படுவது அபூர்வம். பாலம் அறுந்தால் ஊரே துண்டிக்கப்படும் மலைப்பகுதியிலோ தீவிலோ இருந்தால் மட்டும் இரண்டு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எதை வாங்கலாம், எதை விடலாம் என்று தீர்மானிக்க நான் பயன்படுத்தும் ஒரு சோதனை உண்டு. இந்தப் பொருள் ஒரு சின்னத் தொல்லையிலும் உதவுமா? இரவில் மின்சாரம் போனால், குழாய் உடைந்து இரண்டு நாள் தண்ணீர் வராவிட்டால், வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் காய்ச்சலில் படுத்துவிட்டால், ஒரு மாதச் சம்பளம் தவறிப்போனால்? உதவும் என்றால் தயங்காமல் ஏற்பாடு செய்யுங்கள். எப்போதோ வரலாம் என்கிற ஒரே ஒரு பெரும் அழிவில் மட்டும் பயன்படும் பொருளாக இருந்தால் விட்டுவிடுங்கள். நச்சுவாயு முகமூடி, இருபது வருடம் கெடாத உணவு டப்பா எல்லாம் இதில் கழிந்துவிடும். கையிருப்புப் பணம் தேறிவிடும். கடன் வாங்கி ஜெனரேட்டர் வாங்குகிறவரைவிட, மூன்று மாதச் செலவுக்குப் பணம் எடுத்துவைத்திருப்பவர்தான் என் பார்வையில் நன்றாகத் தயாராக இருப்பவர். ஏனென்றால், வேலை போவதும் நோய் வருவதும் நிலநடுக்கத்தைவிடப் பல மடங்கு அடிக்கடி நடப்பவை.

இனி தண்ணீர். வாங்கிக் குவிக்கும் பலர் கோட்டைவிடுவது இங்கேதான். குடிக்கவும் கொஞ்சம் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் என்று போட்டால், நாலு பேர் உள்ள வீட்டுக்கு ஒரு வாரத்துக்கு 112 லிட்டர். எடை 112 கிலோ. அதைப் பரணில் ஏற்றக் கூடாது, ஒரே பெரிய பீப்பாயிலும் வைக்கக் கூடாது. பீப்பாய் விரிசல் விட்டால் எல்லாம் போச்சு. வயதானவரும் தூக்கக்கூடிய 5 லிட்டர் கேன்களாக, தரையோடு, வெயில் படாத இடத்தில் வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை செடிகளுக்கு ஊற்றிவிட்டுப் புதிதாக நிரப்பினால் போதும். புயல் எச்சரிக்கை வந்துவிட்டால் வீட்டில் உள்ள வாளி, அண்டா, குடம் எல்லாவற்றையும் நிரப்பிவிடுங்கள். கழுவவும் கழிப்பறைக்கும் அது ஆகும்.

வைத்திருந்த தண்ணீர் தீர்ந்துவிட்டால் கிடைத்ததைச் சுத்தப்படுத்தத் தெரிந்திருக்க வேண்டும். நன்றாகக் கொதி வந்த பிறகு ஒரு நிமிடம் கொதிக்க விடுங்கள். மலை உயரங்களில் மூன்று நிமிடம். அடுப்பு இல்லை என்றால், வாசனை சேர்க்காத 6 சதவீத குளோரின் பிளீச் திரவம் லிட்டருக்கு 2 சொட்டு விட்டுக் கலக்கி, அரை மணி நேரம் வைத்திருந்து குடிக்கலாம். கலங்கிய தண்ணீராக இருந்தால் முதலில் துணியில் வடிகட்டி, 4 சொட்டு விட வேண்டும். ஆனால் எண்ணெயோ பூச்சிமருந்தோ ரசாயனமோ கலந்த தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் பிளீச் விட்டாலும் சுத்தமாகாது. அதைத் தொடாதீர்கள்.

தண்ணீருக்கு அடுத்தது மருந்து. நீங்கள் எழுதியிருந்த பட்டியலில் டார்ச் மூன்று இருந்தது, கத்தி இரண்டு இருந்தது, மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வீட்டில் ரத்த அழுத்தம், சர்க்கரை, வலிப்பு, ஆஸ்துமா என்று தினசரி மருந்தில் இருப்பவருக்கு, டார்ச் இல்லாத இரவைவிட மாத்திரை இல்லாத நாலாம் நாள்தான் ஆபத்து. மருத்துவரிடம் சொல்லி இரண்டு வார மருந்து எப்போதும் கூடுதலாக இருக்கும்படி பாருங்கள். அதைத் தனியாக ஒளித்துவைக்காமல், புதிதாக வாங்கியதைப் பின்னால் வைத்து முன்னால் இருப்பதை எடுத்துச் சாப்பிட்டுவந்தால் காலாவதி ஆகாது. மருந்தின் பெயர், அளவு, எந்த வேளை என்பதை ஒரு தாளில் கையால் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, திடீரென்று வீட்டைவிட்டுக் கிளம்பும்போது கையில் எடுத்துக்கொண்டு போகும் அவசரப் பையில் வையுங்கள். போனில் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன் என்று பலரும் சொல்வார்கள். சார்ஜ் தீர்ந்த போனில் அந்தப் போட்டோவைப் பார்க்க முடியாது. பழைய மூக்குக் கண்ணாடியைத் தூக்கிப் போடாமல் அதே பையில் வையுங்கள். இன்சுலின் போடுபவர் வீட்டில் இருந்தால், திறந்த மருந்து குளிர்சாதனப் பெட்டி இல்லாமல் எத்தனை நாள் தாங்கும் என்பதை அதன் பெட்டியில் உள்ள தாளில் இப்போதே படித்து வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளத்துக்குப் பிறகு வயிற்றுப்போக்கு பரவுவது வழக்கம். ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு போட்டுக் கலக்கிக் கொடுங்கள். உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் கிடைக்காதபோது இது உயிர் காக்கும். உப்பு அளவு மட்டும் கூடவே கூடாது.

உணவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வழக்கமாகச் சாப்பிடுவதில் அடுப்பு மூட்டாமல் சாப்பிடக்கூடியதை ஒரு வாரத்துக்குக் கூடுதலாக வைத்துக்கொண்டு, சுழற்சியில் தீர்த்துவாருங்கள். மின்சாரம் போனால் குளிர்சாதனப் பெட்டியைத் திறக்காமல் விட்டால் சுமார் 4 மணி நேரம் குளிர் நிற்கும். முதலில் அதில் இருப்பதைச் சாப்பிட வேண்டும்.

ஆனால் எனக்கு நிஜமான கவலை பொருள்களைப் பற்றி இல்லை. 1995 ஜனவரி 17 விடியற்காலையில் ஜப்பானின் கோபே நகரை நிலநடுக்கம் தாக்கியது. 6,434 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் இடிந்த வீட்டுக்கும் சாய்ந்த சாமான்களுக்கும் அடியில் நசுங்கியவர்கள். இடிபாட்டிலிருந்து உயிரோடு எடுக்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பான்மையோரை வெளியே இழுத்தது மீட்புப் படை அல்ல, வீட்டாரும் பக்கத்து வீட்டாரும்தான். எந்த அறையில் யார் படுப்பார்கள் என்பது அவர்களுக்குத்தானே தெரியும்? இதைப் படித்த பிறகு நான் முதலில் பார்த்தது எங்கள் படுக்கையறை அலமாரியைத்தான். அதை 'எல்' வடிவ இரும்புப் பட்டையால் சுவரோடு திருகிவிட்டேன். கட்டிலின் தலைமாட்டுக்கு மேலிருந்த கனமான பொருள்களைக் கீழே இறக்கினேன். கட்டிலுக்கடியில் ஒரு ஜோடி செருப்பு. இருட்டில் உடைந்த கண்ணாடி மேல் வெறுங்காலோடு நடக்க நேரக் கூடாது என்பதற்காக. நில அதிர்வு வரக்கூடிய பகுதியில் இருப்பவர்கள், நாளைக்கு என்று தள்ளிப்போடாமல் இந்த வாரமே செய்ய வேண்டிய வேலை இது.

அதே 1995-ல் ஜூலையில் அமெரிக்காவின் சிகாகோவில் வீசிய வெப்ப அலையில் 700-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் ஏராளமானோர் தனியாக வாழ்ந்த முதியவர்கள். கதவைத் தட்டி எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க யாரும் வரவில்லை. உங்கள் தெருவில் தனியாக இருக்கும் பெரியவர் யார், படியிறங்க முடியாதவர் யார் என்று உங்களுக்குத் தெரியுமா? அவர்களிடம் உங்கள் எண் இருக்கிறதா? ஓர் அறை நிறையச் சாமான் வைத்திருப்பவரிடம் நான் முதலில் கேட்க விரும்பும் கேள்வி இதுதான்.

அப்புறம், காசு செலவில்லாமல் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டியவை. இந்தோனேசியாவின் சிமெலுவே தீவில் 1907-ல் ஆழிப்பேரலை வந்து பலரைக் கொன்றது. நிலம் பலமாகக் குலுங்கிக் கடல் உள்வாங்கினால் மேட்டுக்கு ஓடு என்று தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிவந்தார்கள். 2004 டிசம்பர் 26 அன்று அவர்கள் நிலநடுக்க மையத்துக்கு மிக அருகில் இருந்தும், சுமார் 78,000 பேர் வாழ்ந்த அந்தத் தீவில் இறந்தவர்கள் 7 பேர் என்று பதிவாகியிருக்கிறது. அவர்களிடம் சைரன் கிடையாது, அவசரப் பையும் கிடையாது.

இன்னும் சில: வேகமாக ஓடும் வெள்ளம் 15 சென்டிமீட்டர் இருந்தாலே பெரியவரையும் சாய்த்துவிடும், 30 சென்டிமீட்டரில் சிறிய கார் மிதக்கத் தொடங்கும், 60 சென்டிமீட்டர் பெரும்பாலான வண்டிகளை அடித்துக்கொண்டு போகும். ஜெனரேட்டரையும் கரி அடுப்பையும் வீட்டுக்குள்ளோ ஜன்னலுக்குப் பக்கத்திலோ ஒருபோதும் வைக்காதீர்கள். ஜெனரேட்டர் குறைந்தது 6 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. புயலைத் தப்பித்தவர்கள் அதற்குப் பிந்தைய இரவுகளில் தூக்கத்திலேயே இறந்துபோவது இதனால்தான். போன் இணைப்பு நெரிசலில் கிடைக்காதபோதும் குறுஞ்செய்தி பல நேரம் போய்ச்சேரும். முக்கியமான நாலைந்து எண்களை மனப்பாடமாக வையுங்கள்.

வீட்டில் உள்ளவர்களைக் கூட்டுச் சேர்க்க வாதம் செய்து பயனில்லை. ஒரு விடுமுறை நாள் மாலையில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, குழாயையும் மூடிவிட்டு, மூன்று மணி நேரம் இருந்து பாருங்கள். டார்ச் எங்கே என்று தேடுவதிலேயே பத்து நிமிடம் போகும். எடுத்தால் பேட்டரி கசிந்து உள்ளே பச்சையாகப் பூத்திருக்கும். கேஸை எங்கே மூடுவது என்று வீட்டில் ஒருவருக்கு மட்டும்தான் தெரிந்திருக்கும். பவர் பேங்க் இருக்கும், அதற்கான வயர் அலுவலகத்தில் இருக்கும். என்ன குறைகிறது என்று அன்றைக்கு எல்லோரும் சேர்ந்து எழுதும் பட்டியல்தான் உங்கள் வீட்டுக்கான சரியான பட்டியல். நீங்கள் தனியாகச் சொன்னபோது அதிகம் என்று மறுத்தவர்களே அதில் இரண்டு வரி சேர்ப்பார்கள்.

சரி, எப்போது நிறுத்துவது? வருடத்தில் இரண்டு நாள் குறித்துக்கொண்டு, அன்று மட்டும் தண்ணீர், மருந்து, பேட்டரி, காகிதங்களைச் சரிபாருங்கள். மற்ற நாள்களில் இதைப் பற்றி யோசிக்க வேண்டாம். பெரிய விபத்துச் செய்தி பார்த்த அன்று எதையும் வாங்காதீர்கள். அன்றைய பயம்தான் கூடையை நிரப்பும். ஆபத்து நெருங்கிவிட்ட பிறகு குவிப்பது இன்னும் மோசம். 2020-ல் கொரோனா தொடங்கியபோது பல நாடுகளில் கழிப்பறைக் காகிதம்கூடக் கடைகளில் தீர்ந்துபோனது. முன்கூட்டியே கொஞ்சம் வைத்திருப்பவர் அந்த நேரத்தில் கடைக்கு வர வேண்டியதில்லை என்பதால் இன்னொருவருக்கு இடம் விடுகிறார். தூக்கம் கெடுகிறது, செய்தியை அணைக்க முடியவில்லை என்ற நிலை வந்துவிட்டால் இன்னொரு பெட்டி அதைத் தீர்க்காது. அதற்கு ஒரு மனநல ஆலோசகரிடம் பேசுவதுதான் சரி. இதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

இப்போது அறையில் இருப்பதில் ஒரு வாரத்துக்கு மேற்பட்ட உணவை ஒவ்வொன்றாகச் சமையலுக்கு எடுத்துவிடுங்கள். கூடுதல் டார்ச்சில் ஒன்றைத் தனியாக இருக்கும் பக்கத்து வீட்டுப் பெரியவருக்குக் கொடுங்கள்.

பிள்ளைகளைப் பயமுறுத்தாமல் எப்படிச் சொல்வது என்றும் கேட்டிருந்தீர்கள். ஆபத்தை விவரிக்காமல் ஒரு வேலையைக் கையில் கொடுங்கள். எட்டு வயதுக் குழந்தை டார்ச்சுக்குப் பொறுப்பு, பத்து வயதுக் குழந்தை தண்ணீர் கேனில் தேதி எழுதும். வீட்டைவிட்டுக் கிளம்ப நேர்ந்தால் எல்லோரும் எங்கே கூடுவது என்பதற்கு அருகில் ஓர் இடத்தையும் தூரத்தில் ஓர் இடத்தையும் அவர்களையே தேர்ந்தெடுக்கச் சொல்லி, ஒருமுறை அங்கே நடத்தியே கூட்டிப் போங்கள்.